காசின் எடையிலேயே அசையும் யானை உண்டியல்

இந்த உண்டியலில் ஸ்பிரிங் கிடையாது, பேட்டரி கிடையாது, ரப்பர் பேண்டும் கிடையாது. யானையின் துதிக்கை நுனியில் ஒரு ரூபாயை வைத்தால் துதிக்கை தானாகத் தாழும், காதுகள் விரியும், காசு முன்னால் இருக்கும் குடத்தில் விழும். விழுந்த மறுகணமே துதிக்கை மேலே எழுந்து ஆசி கொடுப்பதுபோல நிற்கும், காதுகளும் மடங்கிக்கொள்ளும். இவ்வளவையும் செய்வது அந்தக் காசின் எடை மட்டும்தான். அட்டை, காகிதம், கம்பி, பசை, தீர்ந்துபோன இரண்டு ரீபிள் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம்.

தராசு பழுது பார்ப்பது என் தொழில். தட்டுத் தராசு, மேசைத் தராசு, நகைக்கடையின் கண்ணாடிப் பெட்டித் தராசு என்று கும்பகோணம் கடைத்தெருவில் எது கோணிக்கொண்டாலும் என்னிடம் வரும். கோலைத் தாங்கும் கத்திமுனையைத் தீட்டி, முள்ளை நேராக்கி, முத்திரை ஆய்வாளர் வருவதற்குள் தயார் செய்து கொடுப்பேன். மின்னணுத் தராசுகள் வந்தபிறகு அந்த வேலை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு கோல் எந்தப் பக்கம், எதனால் சாய்கிறது என்று பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இந்த யானையும் ஒரு தராசுதான். அதனால் வெட்டி ஒட்டுவதைவிட எடை கட்டுவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அட்டையில் பொம்மை உண்டியல் செய்கிறவர்கள் அழகாக வெட்டி, அழகாக வண்ணம் பூசிவிட்டு, எடை விஷயத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

யானையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு ஆதிகும்பேஸ்வரர் கோயில் யானை மங்களத்தைத் தெரியும். கோயில் யானை காசை வாங்கிப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் துதிக்கையைத் தூக்கித் தலையில் வைப்பதைப் பார்க்காத தமிழ்க் குழந்தை குறைவு. காசு வந்ததும் தாழ வேண்டும், காசு போனதும் எழ வேண்டும். ஒரே ஒரு நெம்புகோலுக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் எனக்குத் தெரியாது.

இந்த நெம்புகோல் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயிலில் வைக்கும் தீர்த்தப் பாத்திரம் ஒன்றை விவரித்திருக்கிறார். ஐந்து டிராக்மா நாணயத்தைத் துளையில் போட்டால் உள்ளே ஒரு தட்டில் விழும். தட்டு தாழ, மறுமுனை அடைப்பைத் தூக்கும், தீர்த்தம் வழியும். தட்டு சாய்ந்து நாணயம் நழுவியதும் அடைப்பு மூடிக்கொள்ளும். பிறகு அமெரிக்காவில், 1869-ல் ஜான் ஹால் காப்புரிமை பெற்ற வார்ப்பிரும்பு உண்டியலுக்குப் பின்னால், கனெக்டிகட் மாநிலத்துக் குரோம்வெல்லில் இருந்த ஜே. அண்ட் இ. ஸ்டீவன்ஸ் தொழிற்சாலை அசையும் உண்டியல்களை ஏராளமாக வார்த்துத் தள்ளியது. 1870களில் வந்த டாமனி உண்டியலில் ஒரு பருத்த அரசியல்வாதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கையில் காசை வைத்தால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுவார். நியூயார்க்கின் டாமனி ஹால் கட்சிக்காரர்களின் லஞ்சத்தைச் சாடுவதற்காகச் செய்தது. அதிலும் கையை அசைப்பது காசின் எடைதான். பின்னால் வந்த பல உண்டியல்களில் ஸ்பிரிங் முடுக்கி, விசையை அழுத்த வேண்டியிருந்தது. எனக்கு இந்த முதல் வகைதான் பிடிக்கும். காசை வைத்துவிட்டுக் கையை எடுத்ததும், பொம்மை தானே முடிவெடுத்த மாதிரி அசையும்.

சரி, பொருள்களுக்கு வருவோம்.

அடிப்பெட்டிக்கும் யானையின் உடம்புக்கும் பழைய தினசரிக் காலண்டர் அட்டை இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். துதிக்கைக்கு அது கனம். அதற்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைதான் சரி. சதுர மீட்டருக்கு 300 கிராம் வகை அட்டையென்றால் ஒரு சதுர செ.மீ. 0.03 கிராம்தான் வரும், மடித்தால் விறைப்பாகவும் நிற்கும். பளபளப்பான பூச்சு இருந்தால் பசை ஒட்டாது. ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மைதாப் பசை வேண்டாம். அதில் உள்ள தண்ணீர் அட்டையை நெளிய வைக்கும். ஃபெவிகாலை மெல்லியதாகப் பூசினால் போதும்.

கம்பி இரண்டு வகை. 18 கேஜ் ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), 1.2 மி.மீ. தடிமன், இரண்டு மீட்டர். 20 கேஜ் கட்டுக்கம்பி, 0.9 மி.மீ., ஒரு மீட்டர். கட்டட வேலையில் முறுக்குக் கம்பிகளைக் கட்டுவார்களே, அதே கம்பிதான். இரண்டும் ஹார்டுவேர் கடையில் சுருளாகக் கிடைக்கும். சுருள் கம்பியைக் கையால் நீவி நேராக்க முயன்றால் அலையலையாகத்தான் வரும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைக் குறடால் பிடித்து, உடல் எடையைக் கொடுத்து மெல்லப் பின்னால் சாயுங்கள். ஒரு கட்டத்தில் கம்பி லேசாக இளகி நீளுவது கைக்குத் தெரியும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அவிழ்த்துப் பார்த்தால் அளவுகோல்போல நேராக இருக்கும்.

இனி நாணயங்கள். 2011 முதல் வந்த ஒரு ரூபாய் 3.79 கிராம், விட்டம் சுமார் 22 மி.மீ. 2019-ல் வந்த புதிய வரிசையில் ஒரு ரூபாய் இன்னும் சிறியது: 3.09 கிராம், 20 மி.மீ. மறுகோடியில் பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய் 8.54 கிராம், 27 மி.மீ. பத்து ரூபாயும் 27 மி.மீ.தான். ஆக, நம் யானை 3.09 கிராமுக்குத் தாழ வேண்டும், 27 மி.மீ. அகலத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும்தான் முழு வடிவத்தையும் தீர்மானிக்கின்றன.

துதிக்கை

பத்திரிகை அட்டையை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாக வளையும், மற்ற திசையில் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் திசை துதிக்கையின் நீளவாக்கில் வரவேண்டும். 13 செ.மீ. நீளத்தில், கவிழ்த்த ‘ப’ வடிவமாக மடியுங்கள். மேல்பக்கம் 1.5 செ.மீ. அகலம். இருபக்கச் சுவர்களும் அடிப்பகுதியில் 2.5 செ.மீ., நுனிக்குப் போகப்போக 1 செ.மீ. மடிக்கும் கோட்டை மையில்லாத பேனா முனையால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

நுனியிலிருந்து 10 செ.மீ. தள்ளி, மேல்பரப்புக்கு 7 மி.மீ. கீழே, இரு சுவர்களிலும் சுழற்சித் துளை. அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு சுவரிலும் துளைக்குக் கீழே 2 செ.மீ. வரை ஒரு நாக்கு தொங்கும்படி வெட்டுங்கள். நாக்கில், சுழற்சித் துளைக்கு நேர் கீழே 1.5 செ.மீ. தூரத்தில், காது அசைக்கும் கம்பிக்கு இன்னொரு துளை. துளைகளை ஊசியால் தொடங்கி, கம்பியையே திருகித் திருகி விரிவாக்குங்கள். பஞ்ச் செய்தால் துளை பெரிதாகிப் பிற்பாடு ஆடும்.

சுழற்சித் துளைகளின் வழியாக 5.6 செ.மீ. நீள ரீபிள் துண்டைக் குறுக்கே செருகி, நடுவில் துதிக்கை நிற்கும்படி ஒட்டுங்கள். இதற்குள் 18 கேஜ் கம்பி அச்சாகப் போகும். தலைப்பெட்டியின் உள் அகலம் 6 செ.மீ. என்பதால் இருபுறமும் 2 மி.மீ. இடைவெளி மிஞ்சும். துதிக்கை நடுவிலேயே நிற்கும், சுவரில் உரசாது. அச்சு உள்ளே தளர்வாக இருக்க வேண்டும். ரீபிளில் மை மிச்சம் இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த நூலை உள்ளே இழுத்துத் துடைத்துவிடுங்கள். பிசுபிசுப்பு ஒரு சொட்டு இருந்தாலும் 3 கிராம் காசுக்கு அது பெரிய தடை.

நுனியில் காசுத் தட்டு. உள் அகலம் 3.2 செ.மீ., நீளம் 3 செ.மீ., பின்னாலும் பக்கங்களிலும் 4 மி.மீ. சுவர், முன்பக்கம் திறப்பு. அட்டையின் வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும். தட்டின் நடுப்புள்ளி சுழற்சித் துளையிலிருந்து 10 செ.மீ.யில் விழவேண்டும். தட்டின் பின்விளிம்புக்கு அடியில் 5 மி.மீ. உயரத்துக்கு ஒரு சிறு ஆப்பு வைத்து ஒட்டுங்கள். இந்த ஆப்பை விட்டுவிடக் கூடாது. துதிக்கை ஓய்வில் 20 டிகிரி மேல்நோக்கி நிற்கப்போகிறது, தாழ்ந்ததும் 35 டிகிரி கீழ்நோக்கிப் போகும். ஆப்பு தட்டை 10 டிகிரி முன்னால் சாய்க்கிறது. அதனால் ஓய்வில் தட்டு 10 டிகிரி பின்சாய்ந்து காசைப் பிடித்துக்கொள்ளும், தாழ்ந்ததும் 45 டிகிரி முன்சாய்ந்து காசை வழுக்கிவிடும்.

பின்பக்கத்துக்கு 18 கேஜ் கம்பியில் 22 செ.மீ. வெட்டி நடுவில் மடித்துக் கொண்டை ஊசி ஆக்குங்கள். மடிந்த முனை துதிக்கையின் உட்பக்கம் 4 செ.மீ. ஒட்டியிருக்கட்டும், இரட்டை முனை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கட்டும். எடைச் சுருள் ஏறப்போவது இதன்மேல்தான்.

தலையும் காதும்

தலைப்பெட்டியைக் காலண்டர் அட்டையில் உள் அகலம் 6, நீளம் 5, உயரம் 8 செ.மீ. வரும்படி செய்யுங்கள். பின்பக்கம் சுவர் வேண்டாம். உடம்புக்குள் திறந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைச் சுருள் ஆட இடமிருக்காது. முகத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே அச்சுக் கம்பி குறுக்கே போகும். அடிப்பெட்டியின் மேல்தளத்திலிருந்து அச்சின் உயரம் 11 செ.மீ.

முகத்தில் துதிக்கை வெளிவரும் வாய் 2 செ.மீ. அகலம். அச்சு மட்டத்துக்கு மேலே 2 செ.மீ., கீழே 3 செ.மீ. வரை வரும். ஆனால் முதலில் சிறிதாக வெட்டி, துதிக்கையை ஆட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். இந்த வாயின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் துதிக்கையை மேலும் கீழும் தடுத்து நிறுத்துகின்றன. கீழ்விளிம்பில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டி ஒட்டுங்கள். இருபது ரூபாய் விழும் வேகத்தில் வெறும் அட்டை விளிம்பு நாளடைவில் நசுங்கிப்போகும்.

அச்சை மாட்டியதும் அதன் இரு முனைகளையும் சுவரோடு சுவராக வெட்டி, தபால்தலை அளவு காகிதத்தை மேலே ஒட்டிவிட்டால் நழுவாது.

இப்போது காது. நாக்கில் உள்ள துளைகளின் வழியாக 20 கேஜ் கம்பியில் 5 செ.மீ. துண்டு ஒன்றைக் குறுக்கே செருகி, இரு பக்கமும் சமமாக நீட்டும்படி ஒட்டுங்கள். துதிக்கை தாழும்போது அச்சுக்குக் கீழே இருக்கும் இந்தக் குறுக்குக் கம்பி பின்னால் நகரும், எழும்போது முன்னால் வரும். அந்த நகர்வைக் காதுக்குக் கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு காதுக்கும் 20 கேஜில் 14 செ.மீ. கம்பி. ஒரு முனையில் 5 மி.மீ. வளையம். வளையத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளிச் செங்குத்தாக மேலே மடியுங்கள். தலைச் சுவரின் வெளிப்பக்கம், அச்சு இருக்கும் இடத்தின்மேல், 2 செ.மீ. ரீபிள் துண்டு ஒன்றை நட்டுக்குத்தலாக ஒட்டுங்கள். அதன் அடியில், குறுக்குக் கம்பி மட்டத்தில், சுவரில் 1 செ.மீ. நீளப் பிளவு வெட்டுங்கள். வளையம் இந்தப் பிளவு வழியாக உள்ளே போய்க் குறுக்குக் கம்பியின் முனையைக் கோத்துக்கொள்ளும். கம்பியின் நட்ட பகுதி ரீபிளுக்குள் ஏறி மேலே வெளிவரும். வெளிவந்ததைப் பின்பக்கமாக மடித்தால் அதுதான் காதின் எலும்பு. துதிக்கையை மேலே பிடித்துக்கொண்டு, காது தலையோடு ஒட்டிப் படுக்கும் கோணத்தில் இந்தக் கடைசி மடிப்பைப் போடுங்கள். பெட்டிக்கு வெளியே அளந்து மடித்தால் ஒரு காது விரியும்போது இன்னொன்று முகத்துக்குள் முட்டும்.

காதை அட்டையில் செய்யாதீர்கள். சாதாரணத் தடித்த தாள் இரண்டு, 7 செ.மீ. உயரத்தில், கம்பியை நடுவில் வைத்து ஒட்டினால் போதும். வளையத்துக்கும் குறுக்குக் கம்பிக்கும் நடுவில் தாராளமாக இடம் இருக்கட்டும். அந்தச் சிறு தளர்வினால், துதிக்கை பாதி வழி வந்தபிறகே காது விழித்துக்கொள்ளும். பார்க்க அதுதான் நிஜ யானை மாதிரி இருக்கும்.

எடை கட்டுதல்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

சுழற்சித் துளையிலிருந்து காசு 10 செ.மீ. தள்ளி இருக்கிறது. 3.09 கிராமை 10-ஆல் பெருக்கினால் சுமார் 31. இதுதான் காசின் இழுப்பு. காசு இல்லாதபோது துதிக்கையை மேலே பிடித்திருக்கும் இழுப்பு பின்பக்கம் இருக்கவேண்டும். அது 31-ஐத் தாண்டினால் காசு வைத்தாலும் துதிக்கை அசையாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காசு விழுந்தபிறகும் எழாது. சரியான இடம் நட்டநடு, சுமார் 15. அப்போது தாழ்வதற்கும் எழுவதற்கும் ஒரே அளவு பலம் கிடைக்கும். அச்சின் உரசலையும் காதின் பளுவையும் இரண்டு பக்கமும் சமமாகத் தாங்கிக்கொள்ளும்.

இந்த நட்டநடுவைக் கண்டுபிடிக்க எடைக்கல்லும் வேண்டாம், தராசும் வேண்டாம். 18 கேஜ் இரும்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 9.2 கிராம். ஒரு ரூபாயில் பாதி எடை 1.55 கிராம். அதாவது 17 செ.மீ. கம்பி. அதே சுருளிலிருந்து 17 செ.மீ. வெட்டி, காசளவு வட்டமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் நம் எடைக்கல், அரை ரூபாய்க் கல்.

ஒரு மீட்டர் கம்பியைப் பென்சிலில் நெருக்கமாகச் சுற்றி, பென்சிலை உருவிவிட்டு, அந்தச் சுருளைப் பின்பக்க இரட்டைக் கம்பியில் ஏற்றுங்கள். அச்சிலிருந்து 5 செ.மீ.யில் நிற்கட்டும். காதுகளும் மாட்டியிருக்க வேண்டும். காது இல்லாமல் எடை கட்டிவிட்டுப் பிறகு காதை மாட்டினால் கணக்கு மாறிவிடும். இப்போது அரை ரூபாய்க் கல்லைத் தட்டில் வையுங்கள். துதிக்கை மேலேயே நின்றால் பின்பாரம் அதிகம். சுருளிலிருந்து 5 செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கல்லோடு கீழே போய்விட்டால் சுருளைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். வெட்டுவது பெரிய மாற்றத்துக்கு, தள்ளுவது நுணுக்கத்துக்கு.  எவ்வளவு கம்பியில் வந்து நிற்கும் என்பது உங்கள் அட்டையின் கனத்தைப் பொறுத்தது.

சரியான இடம் வந்ததும் உடனே தெரிந்துவிடும். கல்லை வைத்த துதிக்கை மேலேயும் ஒட்டாமல் கீழேயும் போகாமல் மிதக்கும். விரலை எடுக்கும் காற்றுக்கே லேசாக நடுங்கும். நல்ல தராசில் இரு தட்டும் சமமாகும்போது முள் தயங்குமே, அதே தயக்கம். அப்போது கல்லை எடுத்தால் துதிக்கை மேலே போய்த் தட்டும். ஒரு ரூபாயை வைத்தால் கீழே போய்த் தட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தராசும் இந்த யானையும் நேர் எதிர். தராசுக் கோலின் எடை மையம் கத்திமுனைக்குக் கொஞ்சம் கீழே இருக்கவேண்டும். அப்போதுதான் கோல் ஆடி ஆடிச் சமநிலைக்கு வந்து நிற்கும். யானை நடுவழியில் நிற்கக் கூடாது, முழுக்கத் தாழ வேண்டும். எனவே பின்பக்கக் கம்பியை லேசாக மேலே வளைத்து, சுருளின் நடு, துதிக்கையின் நேர்கோட்டுக்கு 5 மி.மீ. மேலே இருக்கும்படி செய்யுங்கள். துதிக்கை தாழத் தாழ, சுருள் மேலே ஏறி அச்சை நோக்கி வரும், அதன் இழுப்பு குறையும். ஆகவே புறப்பட்ட துதிக்கை தயங்காமல் போய்ச் சேரும். சுருள் கோட்டுக்குக் கீழே 2 செ.மீ. தொங்கினால் இதற்கு மறுதலையாக நடக்கும்: தாழத் தாழ எதிர்ப்பு கூடி, துதிக்கை பாதி வழியில் காசைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ‘எங்கேயோ இறுகுது’ என்று அச்சில் எண்ணெய் விடுவார்கள். கோளாறு அச்சில் இருக்காது, சுருளின் உயரத்தில் இருக்கும். அட்டையில் எண்ணெய் பட்டால் ஊறி நைந்துபோகும், ஆகவே அச்சுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். வழுக்க வேண்டுமென்றால் பென்சிலின் கரிமுனையைச் சீவிய தூள் போதும்.

காசு விழும் இடம்

குடத்தை எங்கே வைப்பது என்று வரைபடத்தில் தேடாதீர்கள். துதிக்கை தாழ்ந்த நிலையில் தட்டு அச்சுக்கு முன்னால் சுமார் 8 செ.மீ. தூரத்திலும், தளத்துக்கு மேலே 5 செ.மீ. உயரத்திலும் இருக்கும். காசு அங்கிருந்து முன்னால் பாய்ந்து விழும். எவ்வளவு பாயும் என்பது உங்கள் அட்டையின் வழவழப்பைப் பொறுத்தது. யானைக்கு முன்னால் கறுப்புத் தாளை விரித்து, கோலமாவை மெல்லியதாகத் தூவுங்கள். ஒரு ரூபாயிலிருந்து இருபது ரூபாய் வரை எல்லா நாணயங்களையும் மாற்றி மாற்றி வைத்து விழவிடுங்கள். மாவில் ஒவ்வொன்றும் தன் வடுவைப் போட்டுவிட்டுப் போகும். கனத்த காசு துதிக்கையை வேகமாக இறக்குவதால் அதன் வடு சற்று முன்னால் தள்ளியே இருக்கும். உருண்டு போன கோட்டை விட்டுவிட்டு, முதலில் விழுந்த வடுக்களை மட்டும் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அதற்கு ஒரு விரல் அகலம் கூட்டினால் அதுதான் குடத்தின் வாய். எனக்கு 5 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம் போதுமாக இருக்கிறது. குடத்தின் உயரம் 3 செ.மீ.யைத் தாண்டினால் துதிக்கை நுனி அதில் இடிக்கும்.

உடம்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 12 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரப் பெட்டி, கீழே 6 செ.மீ. உயரத்தில் நான்கு காகிதக் குழாய்க் கால்கள். காலுக்குப் பத்திரிகை அட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினால் தாங்கும். முதுகு மூடியை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சுருளைத் தொட வேண்டியிருக்கும்போது அதுதான் வாசல். மேலே பட்டுத்துணித் துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டால் மூடி இருப்பதே தெரியாது. நெற்றிப்பட்டத்துக்கு அதே கல்யாணப் பத்திரிகையின் தங்க எழுத்துப் பகுதி அழகாக இருக்கும். வண்ணம் பூசுவதென்றால் துதிக்கைக்கும் காதுக்கும் எடை கட்டுவதற்கு முன்பே பூசிவிடுங்கள். வண்ணத்துக்கும் எடை உண்டு.

அடிப்பெட்டி 30 செ.மீ. நீளம், 12 அகலம், 6 உயரம். குடத்தின் அடியையும் அதற்குக் கீழே பெட்டியின் மேல்தளத்தையும் காசு போகும்படி திறந்து விட்டு, நேர் கீழே, பெட்டிக்குள், ஒரு பழைய டப்பா மூடியைச் சாய்வாக ஒட்டிவையுங்கள். அட்டையில் காசு விழுந்தால் ‘தொப்’ என்றுதான் கேட்கும், தகரத்தில் விழுந்தால் கலகலவென்று கேட்கும். குழந்தை அடுத்த காசைத் தேடுவது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

பின்பக்கச் சுவரை மடக்குக் கதவாக விடுங்கள். 18 கேஜ் கம்பியில் மூன்று சிறு வளையம்: இரண்டு பெட்டியில், ஒன்று கதவில், மூன்றும் ஒரே வரிசையில். குறுக்கே ஒரு கொண்டை ஊசிக் கம்பியைச் செருகினால் தாழ்ப்பாள் ஆகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அட்டை ஈரம் குடித்துக் கனக்கும். துதிக்கைதான் நீளமான பக்கம் என்பதால் அங்கே கூடும் சிறு எடையும் பெரிதாகப் பேசும். காசு விழுந்தபிறகு துதிக்கை எழ மறுக்கும். முதுகைத் திறந்து சுருளை இரண்டு மூன்று மி.மீ. பின்னால் தள்ளி, அரை ரூபாய்க் கல்லை வைத்துச் சரிபாருங்கள். தை வெயில் வந்ததும் பழைய இடத்துக்கே இழுத்துவிடலாம். இதற்காகத்தான் சுருளை ஒட்டாமல் விடச் சொல்கிறேன். அந்த 17 செ.மீ. கம்பி வட்டத்தையும் தூக்கிப் போட்டுவிடாமல் முதுகு மூடியின் உட்புறம் ஒரு துண்டுத் தாளில் மடித்து ஒட்டிவையுங்கள்.